மெஷின் தேய்ச்சதா, மனுஷன் தேய்ச்சதா?

"தகட்டுல கிரைண்டரை வச்சு தேய்ச்சதுக்கு பதினெட்டாயிரமா? நம்ம ஊர் பட்டறைப் பையன் அரை நாள்ல தேய்ச்சுக் குடுத்துருவானே சார்!"

இந்த வசனத்தை இந்த வருஷத்தில் மட்டும் நாலு பேரிடம் கேட்டுவிட்டேன். நாலு பேரும் நம்மவர்கள்தான். தில்லிப் பக்கம் பதினைந்து இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர்கள். ஒருத்தர் மயூர் விஹார், ஒருத்தர் துவாரகா, இரண்டு பேர் நொய்டா. சொந்த ஃப்ளாட் வாங்கி, கிரஹப்பிரவேசம் முடித்து, சோபாவுக்குப் பின்னால் இருக்கும் காலிச் சுவரை என்ன செய்வது என்று யோசிக்கிற கட்டம். மாலுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு அலுமினியத் தகடு மாட்டியிருக்கிறது. அதில் அலை அலையாய், சுழி சுழியாய் ஏதோ ஒரு வடிவம். சாமி படமும் இல்லை, இயற்கைக் காட்சியும் இல்லை. ஆனால் நகர்ந்தால் கூடவே நகர்கிறது. வீட்டுக்காரம்மாவுக்குப் பிடித்துப் போகிறது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் மேற்படி வசனம்.

இந்த வசனத்தில் எனக்குச் சண்டை விலையைப் பற்றி இல்லை. விலை அதிகமா குறைவா என்று பேசலாம், கீழே பேசத்தான் போகிறேன். என் சண்டை "தேய்ச்சதுக்கு" என்ற ஒரு வார்த்தையோடு. அந்த வார்த்தையில் ஒரு மனுஷன் காணாமல் போகிறான். அவன் காணாமல் போவதால் அவனுக்குப் பேர் கிடையாது, கடன் கிடையாது, கண்ணுக்கு ஒரு கண்ணாடிகூடக் கிடையாது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓவிய விமர்சகன் இல்லை. திருச்சியில் பி.காம். படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதி வடக்கே வந்து சேர்ந்தவன். 2016 முதல் மூன்று வருஷம் மொராதாபாத்தில் கடன் பிரிவில் இருந்தேன். தில்லியிலிருந்து நூற்று எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர். பீத்தல் நகரி, அதாவது பித்தளை நகரம் என்பார்கள். பேர்தான் பித்தளை, இப்போது அலுமினியம், இரும்பு, எவர்சில்வர் எல்லாம் அங்கே உருகுகிறது, வளைகிறது, பளபளக்கிறது, கப்பல் ஏறுகிறது. கடன் கொடுத்த இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. அப்படிச் சந்து சந்தாய்ப் பட்டறை பட்டறையாய் ஏறி இறங்கினதில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பேசுகிறேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இது எப்படிச் செய்கிறார்கள்?

கிரைண்டர் என்றதும் இட்லி மாவு ஞாபகத்துக்கு வருகிறவர்களுக்காக: இது ஆங்கிள் கிரைண்டர். ஜன்னல் கம்பி வெல்டிங் செய்கிறவர் கையில் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை, இரண்டு கிலோ எடை. முனையில் நாலு அங்குல வட்டு, நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றும். அதில் உப்புத்தாள் துண்டுகளைப் பூவிதழ் மாதிரி அடுக்கி ஒட்டிய டிஸ்க் ஒன்றை மாட்டுகிறார்கள். 40 நம்பர் என்றால் முரட்டுக் கீறல், 80 என்றால் நடுத்தரம், 120 என்றால் மென்மை. இதை வைத்து ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகட்டின் மேல் வரைகிறார்கள். ஆமாம், வரைகிறார்கள் என்றுதான் சொல்வேன்.

அந்தத் தகடு ஏன் நகருகிற மாதிரி தெரிகிறது? உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்த் திருப்பிப் பாருங்கள். கடைசல் போட்ட வட்டக் கோடுகள் இருக்கும். அதன்மேல் விசிறி மாதிரி ஒரு வெளிச்சம் விழும். நீங்கள் தலையைச் சாய்த்தால் விசிறியும் சாயும். மெல்லிய கீறல் ஒன்று தன் மேல் விழும் வெளிச்சத்தைத் தனக்குக் குறுக்காகப் பரப்பும். கீறலின் திசை மாறினால் வெளிச்சம் போகும் திசையும் மாறும். இந்த ஒரே ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் செய்கிறார்கள். தகடு தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே குழி, அங்கே மேடு, நடுவில் ஒரு ரிப்பன் மடிந்து போகிறது என்று கண் சத்தியம் செய்யும்.

இதை எட்ட நின்று பார்த்தால் சுலபம் மாதிரி இருக்கிறது. கிட்டப் போனால் தெரியும். டிஸ்க்கின் எந்த விளிம்பு படுகிறது, எத்தனை சாய்வு, எவ்வளவு அழுத்தம், எந்த வேகத்தில் கை நகருகிறது, எங்கே தூக்குகிறான், எல்லாமே கோட்டில் பதிவாகிவிடும். ஒரே இடத்தில் ஒரு கணம் அதிகம் நின்றால் தகடு சூடேறி வயிறு தள்ளிவிடும். தட்டி நேராக்கலாம், ஆனால் தட்டின தழும்பு வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும். அலுமினியம் மெதுவான உலோகம். உப்புத்தாளில் ஈறு மாதிரி அப்பிக்கொள்ளும். அப்பிய டிஸ்க் வெட்டாது, இழுக்கும். இழுத்தால் கோடு கிழியும். காகிதத்தில் ரப்பர் வைத்து அழிக்கலாம், கேன்வாஸில் மேலே இன்னொரு பூச்சுப் பூசலாம். இங்கே கோடு என்பது உலோகத்திலிருந்து போன துகள். போனது போனதுதான். ஆழமாக இறங்கிவிட்டால் அந்தத் தகடு எடைக்குத்தான் போகும்.

நான் பார்த்த ஒரு மிஸ்திரி தகட்டின்மேல் பென்சிலால்கூட அடையாளம் வைக்க மாட்டார். மூலையில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அந்த ஒரு வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டே தேய்ப்பார். நடுநடுவே மெஷினை நிறுத்திவிட்டு இரண்டடி இடது பக்கம், இரண்டடி வலது பக்கம் நடந்து பார்ப்பார். மறுபடி வந்து தேய்ப்பார். எப்படி வருகிறது என்று கேட்டதற்கு "சாப், ஹாத் கீ பாத் ஹை" என்றார். கை விஷயம் சார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. நம் வீட்டில் பாட்டியிடம் ரசத்துக்கு அளவு கேட்டால் கிடைக்கிற பதிலும் அதுதானே.

இனி, எனக்குச் சொல்லப்பட்ட வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

வாதம் 1: "மெஷின் பண்ணினது எப்படிக் கைவேலை ஆகும்?"

அப்படியென்றால் தையல் மெஷினில் தைத்த சட்டையைத் தைத்தது டெய்லர் இல்லை, மெஷின் என்று சொல்வீர்களா? அளவெடுத்தது யார், வெட்டியது யார், துணியைத் திருப்பியது யார்?

நம் ஊரிலிருந்தே ஒரு உதாரணம் தருகிறேன். உங்கள் சமையலறையில் கல்யாணத்துக்கு வந்த சீர்ப் பாத்திரம் ஒன்றாவது இருக்கும். அதன் கழுத்தில் அம்மா பேரோ அத்தை பேரோ தேதியோ வெட்டியிருக்கும். பாத்திரக்கடை வாசலில் ஒருத்தர் சின்ன மின்சார மெஷினை வைத்துக்கொண்டு 'டர்ர்ர்' என்று புள்ளி புள்ளியாக வெட்டினாரே, அந்த எழுத்து. அதை மெஷின் எழுதினது என்று யாராவது சொல்வோமா? அந்த 'ழ'வின் சுழியைப் பார்த்தால் எந்தக் கடை ஆள் வெட்டினது என்று சொல்லக்கூடிய மாமிகள் இருந்தார்கள். மெஷினுக்கு எழுத்துத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மரச்சாமான் செய்கிற ஒரு நிறுவனத்தின் கலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தொண்ணூறுகளின் நடுவிலேயே இதைச் சொல்லிவிட்டது. பெரும்பகுதி கையால் செய்ததாக இருக்க வேண்டும், இடையில் கொஞ்சம் மெஷின் புழங்கியிருந்தால் பரவாயில்லை, கண்ணுக்கு அழகு தரும் அலங்கார வேலை கணிசமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் சாரம். 2018 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. அறிவிக்கையில் கைவினைப் பொருளுக்குக் கொடுத்த விளக்கமும் கிட்டத்தட்ட இதே. கருவியோ இயந்திரமோ பயன்பட்டிருந்தாலும் பெரும்பாலும் கையால் செய்த பொருளாகவும், மெஷினில் மொத்தமாய் வார்த்தெடுத்த அதே உபயோகப் பொருளிலிருந்து நன்றாக வித்தியாசப்பட்டும் இருந்தால் அது கைவினைதான். அரசாங்கத்தின் வரித்துறைக்கே புரிந்துவிட்ட விஷயம் நம் துவாரகா நண்பருக்குப் புரியவில்லை. வரித்துறையைப் பாராட்டி நான் எழுதுவது இதுவே முதல் முறை :-)

ஒரு வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறேன். கணினியில் வடிவத்தை ஏற்றிவிட்டு, லேசரோ ரௌட்டரோ தானாக வெட்டிக் கொடுப்பது வேறு. தேய்த்த தகட்டைப் போட்டோ எடுத்து இன்னொரு தகட்டில் அச்சடித்து விற்பது இன்னும் வேறு. இவற்றையும் கையால் தேய்த்ததையும் ஒரே சுவரில், ஒரே விலையில் மாட்டி வைக்கிற கடைகள் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். படத்துக்கு முன்னால் பக்கவாட்டில் நாலடி நடங்கள். வெளிச்சம் கூடவே ஓடினால் தேய்த்தது. அப்படியே நின்றால் அச்சு.

வாதம் 2: "சரி, கைவேலை. ஆனா கலையா?"

இங்கேதான் நம்மவர்கள் உஷாராகிவிடுவார்கள். "ஒரு உருவமும் இல்லையே, என்ன சொல்ல வர்றான்?"

வாசலில் தினமும் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிற ஜனங்கள் கேட்கிற கேள்வியா இது? அந்தக் கோலம் என்ன சொல்ல வருகிறது? கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண் சுற்றி வருகிறதே, அந்தச் சுகம் போதாதா?

வெளிநாட்டுச் சாட்சி வேண்டுமா, தருகிறேன். டேவிட் ஸ்மித் என்று ஒரு அமெரிக்கச் சிற்பி. 1906-ல் பிறந்தவர். 1925-ல் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையில் ஒரு கோடைக்காலம் வெல்டிங், ரிவெட் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ரயில் என்ஜினும் டாங்கியும் செய்கிற ஆலையில் வெல்டர். பட்டறை ஆள்தான், சந்தேகமே வேண்டாம். அவர் 1961-க்கும் 1965-க்கும் நடுவில் 'கியூபி' என்று ஒரு வரிசை செய்தார். எவர்சில்வர் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி ஆளுயரத்துக்கும் மேலே நிற்கிற சிற்பங்கள், மொத்தம் 28. அந்தப் பெட்டிகளின் பக்கங்களைக் கிரைண்டரால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார். தூரிகை வீச்சு மாதிரி கீறல்கள். பாலிஷ் போட்டு மழுமழுப்பாக்காமல் கீறலை அப்படியே விட்டார். வயல்வெளியில் நிறுத்தினால் வானத்தின் நிறம் அந்தக் கீறலில் ஏறும், மேகம் போனால் மாறும். அந்த வரிசையின் கடைசிச் சிற்பம் 2005 நவம்பரில் நியூயார்க்கில் ஏலம் போனது 2 கோடியே 38 லட்சம் டாலருக்கு. போருக்குப் பிந்தைய கலைக்கு அதுவரை ஏலத்தில் கிடைக்காத தொகை. அங்கே யாரும் "தேய்ச்சதுக்கா?" என்று கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம். அட்லாண்டிக் கடலைத் தனியாளாய் ஒரே மூச்சில் கடந்த லிண்ட்பர்க்கின் 1927-ம் வருஷ விமானம் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அதன் மூக்குப் பகுதி அலுமினிய உறையில் வட்டம் வட்டமாகத் தேய்த்த கோலம் இருக்கும். படம் கிடைத்தால் பாருங்கள். சுவிஸ் கைக்கடிகாரங்களில் விலை உயர்ந்தவற்றின் உள்ளே, தகட்டின்மேல் முத்து முத்தாக வட்டங்கள் தேய்த்திருப்பார்கள். மூடியைக் கழற்றினால்தான் தெரியும். யார் கண்ணிலும் படாத இடத்தில் தேய்த்ததற்கே லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஹாலில் நடுநாயகமாய் மாட்டுகிறதற்கு மட்டும் "பட்டறைப் பையன்".

அந்த வார்த்தையிலேயே எல்லாம் இருக்கிறது, கவனித்தீர்களா? பேனா பிடித்தால் சார், கிரைண்டர் பிடித்தால் பையன். மொராதாபாத் மிஸ்திரிக்கு என்னைவிட வயது அதிகம்.

வாதம் 3: "பொருள் மதிப்பு என்ன இருக்கு அதுல?"

இது என் ஏரியா. கணக்குப் போடுவோம். இரண்டடிக்கு மூன்றடி, ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அலுமினியம் என்றால் ஏறக்குறைய இரண்டே கால் கிலோ. கிலோ 350 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் எண்ணூறு ரூபாய்க்குள் தகடு. டிஸ்க், கரண்ட், நிறம் ஏற்றும் மை, மேலே பூசும் லேக்கர், பின்னால் சட்டம் என்று எல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டுவது கஷ்டம்.

"பாத்தீங்களா, அப்ப மீதி கொள்ளைதானே?" என்பீர்கள்.

அவசரப்படாதீர்கள். கடைக்காரனுக்கு மால் வாடகை, ஆள் சம்பளம், வரி, விற்காமல் நிற்கிற சரக்கு, லாரியில் கீறல் விழுந்து திரும்பி வருகிற சரக்கு எல்லாம் உண்டு. அவன் ஐந்தறிக்கைகளைப் படித்துக் கடன் கொடுக்கிறவன் நான், அந்தக் கஷ்டமும் எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு கேள்வி. அந்தப் பதினெட்டாயிரத்தில் கோடு போட்ட கைக்கு எவ்வளவு?

நான் அங்கே இருந்தபோது, இந்த அளவுத் தகட்டுக்கு அந்த மிஸ்திரிக்குத் தேக்காவில் கிடைத்தது 400 ரூபாய். தேக்கா என்றால் பீஸ் ரேட். தகடு கெட்டுப் போனால் கழித்துக்கொள்வார்கள். அதே மாதிரி தகட்டை அதே சமயத்தில் குருகிராமில் ஒரு ஷோரூமில் பன்னிரண்டாயிரத்துக்குப் பார்த்தேன். கீழே ஒரு அட்டை. அதில் ஷோரூமின் பேர், 'டிசைனர் கலெக்ஷன்' என்று ஒரு வரி, அந்த டிசைனரின் கையெழுத்து. விளம்பரப் படத்தில் ஒருத்தர் கிரைண்டரைப் பிடித்திருக்க, தீப்பொறி மத்தாப்பு மாதிரி பறக்கிறது. அலுமினியத்தைத் தேய்த்தால் பொறியே பறக்காது சாமிகளா! பொறி பறப்பது இரும்பில். தான் விற்கிற பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்றுகூடத் தெரியாதவன் கீழே கையெழுத்துப் போடுகிறான். செய்தவன் பேர் எங்கேயும் இல்லை.

ஆக, "தேய்ச்சதுக்கு இவ்வளவா?" என்று கேட்பதில் ஒரு கூத்து இருக்கிறது. தேய்த்ததற்கு யாரும் இவ்வளவு கொடுக்கவில்லை. தேய்த்ததற்கு நானூறுதான். மீதியெல்லாம் தேய்க்காததற்கு.

பேர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

"பேர்ல என்ன சார் இருக்கு, காசு கொடுத்தா போதாதா?" என்று கேட்கலாம். வங்கியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், காசு பேரின் பின்னால்தான் வரும்.

எங்களிடம் வந்த ஒரு விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் யாரோ 'கூலி' என்று நிரப்பியிருந்தார்கள். பதினைந்து வருஷமாகத் தகடு தேய்க்கிற ஆள். இந்தியில் இந்த வேலைக்குக் கிஸாயி என்று பேர், தேய்ப்பு. உளியால் செதுக்குவதற்கு நக்காஷி என்று பேர். நக்காஷிக்கு மரியாதை உண்டு. மொராதாபாத்தின் தில்ஷாத் ஹுசேன் அவர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நியாயமான விருது, சந்தோஷம். ஆனால் உளி பிடித்தால் கலைஞன், கிரைண்டர் பிடித்தால் கூலி என்றால் அது எந்த ஊர் நியாயம்? உளியும் ஒரு காலத்தில் புதுக் கருவியாகத்தானே இருந்திருக்கும்.

2023 செப்டம்பர் 17-ல் மத்திய அரசு பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தை ஆரம்பித்தது. நல்ல திட்டம். அடமானம் இல்லாமல் முதலில் ஒரு லட்சம், அப்புறம் இரண்டு லட்சம், ஐந்து சதவீத வட்டி. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை. பயிற்சி நாட்களுக்கு தினம் 500 ரூபாய். யாருக்கு? பட்டியலில் இருக்கிற 18 தொழில்களுக்கு. தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், சிற்பி, செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், சலவைத் தொழிலாளி, தையல்காரர் என்று போகிறது. எல்லாம் பரம்பரைத் தொழில். தகட்டில் கிரைண்டரால் வரைகிறவன் இதில் எங்கே? "கொல்லர்னு போட்டுட வேண்டியதுதானே" என்று ஒரு நண்பர் சொன்னார். அவனிடம் உலை இல்லை, சம்மட்டி இல்லை. ஊரில் விசாரித்துச் சான்று கொடுக்கிறவர் உலையைத்தான் தேடுவார்.

முத்ரா கடன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வாங்கலாம். ஆனால் அதை வாங்கிவிட்டு முழுசாய்க் கட்டி முடிக்காதவருக்கு விஸ்வகர்மா கிடையாது என்று விதி. ஒரு வேளை பட்டியல் நாளைக்கே விரிந்தாலும், இன்று முத்ராவில் ஒரு கிரைண்டர் வாங்கினவன் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும்.

கைவினைஞர்களுக்கு மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 'பெஹ்சான்' என்று அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அதன் அர்த்தமே அடையாளம்தான். மேலே சொன்ன ஜி.எஸ்.டி. விளக்கப்படி இந்தத் தகடு கைவினை என்றால், தகட்டைச் செய்தவன் கைவினைஞன்தானே? பொருளுக்கு ஒரு சட்டம், செய்தவனுக்கு ஒரு பட்டியல். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

இதில் நமக்கென்ன என்கிறவர்களுக்கு: கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மோட்டார் வைத்த மெஷினேதான். அதைச் செய்கிற ஊருக்கு ஒரு கைத்திறன் உண்டு என்று நாம் வாதாடி வாங்கினோம், பெருமையும் படுகிறோம். அந்த கிரைண்டருக்கு நியாயம் என்றால் இந்த கிரைண்டருக்கும் நியாயம்தான்.

கண்ணும் நுரையீரலும்

கடைசியாகச் சொன்னாலும் எனக்கு முக்கியமானது இதுதான்.

பேர் இல்லாத ஆளுக்குப் பாதுகாப்பும் இல்லை. நான் போன பட்டறைகளில் பாதிக்கு மேல் கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள், கோடு போடும்போது மறைக்கிறது என்று. கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. வாயில் ஒரு கம்சா துண்டு, அவ்வளவுதான். இரும்புத் துகள் கண்ணில் தைத்தால் பக்கத்து ஆள் துணி நுனியை முறுக்கி எடுத்து விடுகிறார். அந்தத் துகள் சில மணி நேரம் உள்ளே இருந்தாலே கருவிழியில் துரு வளையம் விட்டுவிடும், அதை டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வரைகிற மனுஷனுக்குக் கண்தானே முதல்? நூறு இருநூறு ரூபாய்க் கண்ணாடி அது.

தூசியை இன்னும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அலுமினியத் தூசி மெல்லிசாய்க் காற்றில் பரவினால் வெடிமருந்து மாதிரி. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் ஊரில் கார் சக்கரத்துக்கு அலுமினிய பாலிஷ் போடும் தொழிற்சாலை ஒன்று இப்படித்தான் வெடித்தது. அன்றைக்கே 75 பேர், பிறகு ஆஸ்பத்திரியில் போனவர்களையும் சேர்த்து 146 பேர். தூசியை உறிஞ்சும் ஏற்பாட்டைச் சுத்தம் செய்யாமல் சேரவிட்டதுதான் காரணம். மொராதாபாத் சந்துப் பட்டறை அவ்வளவு பெரிசு இல்லைதான். ஆனால் ஒரே அறையில் ஒரு மூலையில் அலுமினியம் தேய்க்கிறார்கள், எதிர் மூலையில் இரும்பு தேய்த்துப் பொறி பறக்க விடுகிறார்கள், தரையில் இரண்டு தூசியும் கலந்து கிடக்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்து இரவு தூக்கம் வருமா?

தூசி உறிஞ்ச ஒரு ஏற்பாடு, அலுமினியத்துக்குத் தனி அறை, முகக்கவசம். இதெல்லாம் கடனில் வாங்கக்கூடிய சாமான்கள். கூலி என்று எழுதினால் அந்தக் கடன் கிடைக்காது. கலைஞன், தொழில்முனைவன் என்று எழுதினால் கிடைக்கும். ஒரு வார்த்தைக்கு நான் ஏன் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

சரி, நாம் என்ன செய்யலாம்?

மறியல் செய்யச் சொல்லவில்லை. வாங்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. வாங்காவிட்டால் அந்த நானூறும் போய்விடும். அடுத்த முறை சுவருக்குத் தகடு வாங்கப் போகும்போது மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்.

ஒன்று: இதைத் தேய்த்தவர் பேர் என்ன? தெரியாது என்பார்கள். "தெரிந்துகொண்டு சொல்லுங்கள், பின்பக்கம் பேர் எழுதிக் கொடுத்தால் வாங்குகிறேன்" என்று சொல்லுங்கள். பாத்திரத்தில் அத்தை பேரை வெட்டிக் கொடுத்தவர்கள் நாட்டில் தகட்டின் பின்னால் ஒரு பேர் வெட்ட முடியாதா?

இரண்டு: இது கையால் தேய்த்ததா, அச்சா, கணினி வெட்டினதா? பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கைவினை என்று வாயால் சொல்கிறவன் எழுத்தில் தரத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

மூன்று: நேராகப் பட்டறையிலிருந்து வாங்க முடியுமா? தில்லியில் இருக்கிற நமக்கு மொராதாபாத் நாலு மணி நேரம். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். பதினெட்டாயிரம் வேண்டாம், அதில் பாதியைக் கொடுத்தாலே நம் பர்ஸுக்கும் லாபம், மிஸ்திரிக்கு நானூறு எங்கே, அது எங்கே! கூடவே நாலு ஜோடி கண்ணாடியும் வாங்கிப் போங்கள். கருணைக்காக இல்லை, நம் சுவருக்கு அடுத்த படம் செய்யவும் அந்தக் கண் வேண்டும்.

வங்கி நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தை நிரப்புமுன் அந்த ஆளின் வேலையை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். மூலை பல்பு வெளிச்சத்தில், பக்கவாட்டில் நாலடி நடந்து பாருங்கள். அப்புறம் என்ன எழுதுவது என்று உங்களுக்கே தெரியும்.

கடையில் கேட்டுப் பார்த்து என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். திட்டுகிறவர்களும் எழுதலாம். துவாரகா நண்பர் முதலில் வருவார், தெரியும் :-)

பி.கு.: ஏற்கெனவே வாங்கி மாட்டினவர்களுக்கு. தயவுசெய்து வேலைக்கார அம்மாவிடம் பாத்திரம் தேய்க்கும் பொடியும் நாரும் கொடுத்து அதைப் பளபளப்பாக்கச் சொல்லாதீர்கள். மேலே இருப்பது மெல்லிய லேக்கர் பூச்சு. ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். மறுபடி தேய்த்தால் அது உங்கள் கோடு, அவருடையது இல்லை.